ஒளித்தவர்தான் அவிழ்க்க வேண்டும்

மருதமரத்தின் பொந்துக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பொதியைத் தள்ளி வைத்தான் இரத்தினசிங்கம். கையில் ஏறிவிட்ட எறும்புகளைத் தட்டிக்கொண்டே குளக்கட்டைப் பார்த்தான். பிள்ளைகள் இன்னும் வரவில்லை.

சித்திரை வருடப் பிறப்புக்கு மறுநாள் தம்பலகாமத்துக் குளக்கட்டின் பழைய மருதுகளுக்குள் வாசிகசாலைக்காரர் புதையல் தேடல் நடத்துவார்கள். ஒவ்வொரு தகப்பனும் தன் பிள்ளைக்கு ஒரு பொதியைக் கட்டி ஒளித்து வைத்து, விடுகதை ஒன்றும் சொல்வான். கண்டெடுத்த பிள்ளை தானே திறக்கக் கூடாது. ஒளித்தவர்தான் அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கும்போது இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனியும். அதற்காகவே யாரோ அந்த விதியை வைத்திருக்க வேண்டும்.

தவமலருக்கு இதுவரை ஒளித்தவர் குலசிங்கம், இரத்தினசிங்கத்தின் தங்கை கமலாதேவியின் புருசன். பிரசவத்தில் தன் மனைவி இறந்ததும், பச்சைக் குழந்தையான தவமலரைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு இரத்தினசிங்கம் திருகோணமலைத் துறைமுகத்துக்கு, கயிறு கட்டும் வேலைக்கே திரும்பினான். பேச்சு வந்தபோது பிள்ளை கமலாவை அம்மா என்றது. அம்மாவின் அண்ணன் மாமாதானே. யாரும் பொய் சொல்லாமலேயே அவன் மாமாவாகிப் போனான். இப்போது அவளுக்கு ஏழு வயது. அவளைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் திருகோணமலையில், பாலையூற்றில் வீடு பார்த்தாயிற்று. இன்று பொதியோடு தன்னிடம் வரும்போது அவளிடம் உண்மையைச் சொல்லி, பின்னேர பஸ்ஸில் கூட்டிப்போவது என்று மூவரும் பேசி வைத்திருந்தார்கள்.

வாசிகசாலை அபூதாஹிர் தகரக் குழலை வாயில் வைத்தார்.

“தகப்பன்மாரே, கண்ணால காட்டிக் குடுக்கப்படாது! போன வருசம் ஒராள் சிமிட்டின சிமிட்டில கண் வைத்தியரிட்டப் போக வேண்டி வந்தது!”

சனம் சிரித்தது. தவமலருக்குரிய விடுகதையையும் அவரே வாசித்தார்: “குட்டியானை முதுகு தேய்ச்ச மரம்.”

குளத்தில் சேறாடிவிட்டு வரும் யானைகள் மருதில்தான் முதுகு தேய்க்கும். சேறு எந்த உயரத்தில் காய்ந்திருக்கிறதோ, அதுதான் யானையின் உயரம். தவமலர் மரம் மரமாக அண்ணாந்து பார்த்தாள். சேறு தன் தலைக்கு நேரே அப்பியிருந்த மரத்தைக் கண்டதும் கூவினாள். இரத்தினசிங்கம் ஓரடி முன்னால் வந்தான். கெட்டிக்காரி.

பொதியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள், அவனைக் கடந்து குலசிங்கத்திடம் போனாள்.

குலசிங்கம் முடிச்சைத் தொட்டும் பார்க்கவில்லை. “இதை நான் ஒளிக்கேல்லை, பிள்ளை. ஒளிச்சவர் அங்க நிக்கிறார்.”

அவள் திரும்பி வந்தாள்.

“மாமா, அப்பாக்கு ஏலாதாம். நீங்கதான் ஒளிச்சனீங்களாம். அவிழ்த்துத் தாங்கோ.”

அவன் முழந்தாளிட்டான். அது கப்பல் கட்டும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். முடிச்சின் முதுகில் கிடக்கும் வளையத்தைப் பெருவிரலால் முன்னுக்கு மடித்தால் மட்டும் இளகும். ஒற்றைக் கையால் செய்கிற வேலை. இன்று இரண்டு கையும் போதவில்லை.

“இஞ்ச பார், தவம்… இந்த வளையத்தை இப்பிடி மடிச்சால்…”

“கெதியா, மாமா! அப்பா பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

உண்மையைச் சொல்ல வந்தவன் வளையத்தை மட்டும் மடித்தான். முடிச்சு இளகியது. உள்ளே சிவப்புச் சப்பாத்து ஒரு சோடி.

அவள் காலை நுழைத்தாள். குதிக்கால் உள்ளே போகவில்லை. போன வருடத்துச் சித்திரைப் பிறப்பன்று அவள் நித்திரையாய்க் கிடந்தபோது அவன் பாதத்தைக் கயிற்றால் அளந்து, அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருந்து, போன கிழமை கடைக்குக் கொண்டுபோனான். வருடக்கணக்காய்க் கயிற்றை நம்பிப் பிழைத்தவன். பாரம் ஏற்றும் கப்பல் வளராது.

“சின்னன், மாமா,” என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். “பரவாயில்லை, பின்பக்கத்தை மிதிச்சுப் போடலாம். அப்பாக்குக் காட்டிட்டு வாறன். நீங்க எத்தினை மணி பஸ்ஸுக்குப் போறீங்க?”

“இப்ப வாறதுக்கு,” என்றான்.

பக்கத்தில் நின்ற கமலாதேவி சேலைத் தலைப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டாள்.

சப்பாத்தின் பின்பக்கத்தை மிதித்து, வெள்ளைக் குதிக்கால்கள் வெளியே தெரிய, தவமலர் இழுத்து இழுத்து நடந்து போய்க் குலசிங்கத்தின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளைத் தூக்கவில்லை. இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்தபடி, அவளுடைய தலைக்கு மேலாக, இரத்தினசிங்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.