பின் டேங்க் திருகு

பரங்கிப்பேட்டையில் வெளிநாடு போய்த் திரும்பியவர்களுக்குப் பஞ்சமில்லை. திரும்பியவர்கள் மாடி எடுப்பார்கள், கடை வைப்பார்கள், அப்புறம் பள்ளிவாசல் வாசலில் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். முஹம்மது யூசுப் மட்டும்தான் ஒரு பழைய பஸ்ஸை வாங்கிக்கொண்டு வந்து வீட்டை ஒட்டிய காலி மனையில் நிறுத்தினார். சவூதியில் தம்மாம் பக்கம் கால் நூற்றாண்டு டிரெய்லர் ஓட்டியதில் மனிதருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் மனைவி அமீனா பீவி காதிலும் அது விழுந்தது. பேசுகிற வாயை யார் மூட முடியும்? அந்தக் கால் நூற்றாண்டும் புருஷன் இல்லாத வீட்டில் இருந்தவள் அவள்தானே. பஸ்ஸோடு வந்தால் என்ன, யானையோடு வந்தால்தான் என்ன, உனக்காகத்தான் வேலையை விட்டேன் என்று சொல்லி வந்துவிட்டார். அது போதும் என்றிருந்தாள்.

பஸ்ஸைக் கடலூரில் பாடி கட்டுகிற ஷெட் ஒன்றில் விட்டு, சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நாலு படுக்கை, கேஸ் அடுப்பு, குளிக்க ஒரு மூலை, அதற்குத் தண்ணீர்த் தொட்டி என்று வீடாகவே மாற்றி ஓட்டி வந்தார் யூசுப். ஊர் சுற்றப் போகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவது திட்டம். 'வீட்டு வண்டி' என்று தெரு அதற்குப் பெயர் வைத்தது. இது நடந்தது இரண்டாயிரத்துப் பத்தில்.

அமீனாவுக்கு வண்டிகளின் மேல் ஒரு பழைய கோபம் உண்டு. யூசுப்போடு அவள் போன தூரப் பயணம் என்றால் எல்லாமே மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குத்தான். போகும்போது கார் நிறைய ஆளும் பெட்டியும் இருக்கும். திரும்பும்போது அவள் பக்கத்து இடம் காலியாக இருக்கும். கடலூர் தாண்டும் வரை அழுவாள், ஊருக்குப் பிரிகிற பு.முட்லூர் திருப்பத்தில் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் இதே கதைதான். அதனால் இந்த வண்டி யோசனையை அவர் முதன்முதலாக போனில் சொன்னபோது, அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். கொழுந்தன் வீட்டு ஆட்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்ததால் குரலை இறக்கிக் கேட்டாள். முதல் சவாரி தன்னைத்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும், ஏர்வாடி தர்காவுக்கு, இரண்டு பேர் மட்டும். அந்தப் பக்கத்திலிருந்து "சரி சரி" என்றார். அந்தச் 'சரி சரி'யை அவள் பீரோவில் வைத்த பட்டுப்புடவை மாதிரி பத்திரமாக வைத்திருந்தாள்.

வண்டி வந்ததும் காலை வேலை ஒன்று கூடிப்போயிற்று. அது காற்றில் பிரேக் பிடிக்கிற வண்டி. இன்ஜின் ஓடினால் கம்ப்ரஸர் காற்றைப் பிடித்து அடியிலுள்ள டேங்க்குகளில் நிரப்பும். கடல் பக்கத்து ஈரக் காற்று என்பதால் டேங்க்கின் அடியில் தண்ணீர் சேரும். அதை வெளியே விடாவிட்டால் குழாய்க்குள் போய் வால்வைத் துருப்பிடிக்க வைத்துவிடும். அதனால் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் முதல் வேலை, டேங்க்குகளின் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பது. முன் டேங்க் சுலபம். பின் டேங்க்கின் திருகோ கடலூர்க்காரர்கள் மாட்டிய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. யூசுப்பின் கை தடிமன், உள்ளே நுழையாது. அமீனாவின் கை நுழையும். அப்படித்தான் அது அவள் வேலையானது.

முதல் நாள் துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கடியில் நுழைந்தபோது அவளுக்குச் சிரிப்பாக வந்தது. நாலு நாளில் சிரிப்பு போய் அக்கறை வந்துவிட்டது. வடிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்லது, எண்ணெய் மிதந்தால் கம்ப்ரஸர் கோளாறு என்று தெரிந்துகொண்டாள். ஒருநாள், காற்று இல்லாவிட்டால் பிரேக் பிடிக்காமல் எங்காவது போய் இடித்துவிடாதா என்று கேட்டாள். யூசுப் சிரித்தார்.

"தலகீழா சொல்ற புள்ள. பின் சக்கரத்துக்குள்ள பெரிய ஸ்பிரிங் உக்காந்து இறுக்கிப் புடிச்சிக்கிட்டிருக்கு. காத்து போயி அமுக்குனாத்தான் அது புடிய விடும். காத்து இல்லன்னா வண்டி ஒரு அடி நவுராது."

பிறகு ஒழுக்குப் பார்க்கிற வேலை. டேங்க்கில் காற்று நிரம்பியதும் இன்ஜினை நிறுத்திவிட்டு அவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பார். அவள் வண்டியைச் சுற்றி வந்து எங்காவது காற்று சீறுகிறதா என்று கேட்கவேண்டும். சீறுகிற இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி கிளம்பும். அவர் வந்து ஸ்பானரால் இறுக்குவார், இல்லாவிட்டால் சிதம்பரம் போய் வாஷர் வாங்கி வருவார். அவரே ஏன் கேட்கக்கூடாது என்று ஒருமுறை அவள் கேட்டதற்கு, "சத்தத்த நம்பக்கூடாது, முள்ளத்தான் நம்பணும்" என்று காற்றழுத்தம் காட்டும் டயலைத் தட்டிக் காண்பித்தார். பெரிய டிரைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். தனக்கு ஒரு பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று கொடுத்த வேலை என்றுதான் நினைத்தாள். அந்த நினைப்பே அவளுக்கு இனித்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அண்ணாமலை நகரிலிருந்து ராமாமிர்தம் வந்தார். பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி லோகநாயகியும் மைத்துனர் தம்பதியுமாக நாலு பேர் காசி, ஹரித்வார் என்று வடக்கே போகவேண்டும். நாலு படுக்கைக்கு நாலு பேர், டிரைவருக்கு அவர் சீட்டே போதும், கணக்கு கச்சிதம். யூசுப் மகிழ்ந்துபோய் ஒப்புக்கொண்டார். இரவு சாப்பிடும்போது அமீனாவிடம், ரெண்டு மாசந்தான், கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுவேன் என்றார்.

முன்பு ரெண்டு வருஷந்தான் என்பார், இப்போது ரெண்டு மாசந்தான். அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஆணம் ஊற்றினாள். ஏர்வாடியைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. கேட்டிருக்கலாமே என்றால், கேட்கிற ஜாதி இல்லை அமீனா. சின்ன வயதிலிருந்தே ஒன்றைக் கேட்டு வாங்கினால் அது அவளுக்கு ருசிக்காது. ஒருமுறை சொல்லியாயிற்று, அவர் சரி என்றும் சொல்லியாயிற்று. அதற்கு மேல் என்ன? மகள் ஃபர்ஹானா குறிஞ்சிப்பாடியில் புகுந்த வீட்டில் இருக்கிறாள். மறுபடியும் தானும் சுவருமாக இருக்கவேண்டியதுதான் என்று நினைத்தபடி தட்டுகளைக் கழுவினாள்.

புறப்படுகிற அன்று காலையிலும் வழக்கம்போல அடியில் நுழைந்தாள். முன் டேங்க்கை வடித்து மூடினாள். பின் டேங்க்கையும் வடித்தாள். மூடும்போது விரல் நின்றது. முக்கால் சுற்று சுற்றிவிட்டு, மீதியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

பெரிய சதி ஒன்றும் இல்லை. இன்ஜின் ஓடினதும் காற்று சீறும், இருபத்தைந்து வருஷ டிரைவர் உடனே கண்டுபிடிப்பார், அந்தத் திருகு யார் கைக்கு எட்டும் என்பதும் அவருக்குத் தெரியும். என்ன புள்ள இது என்று கேட்பார். கேட்டால் சொல்லலாம். அவர் வாயால் ஒரு கேள்வி வரவேண்டும், அவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு.

யூசுப் இன்ஜினைக் கிளப்பினார். அமீனா டீ பிளாஸ்க்கோடு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கூர்மையாகச் சீறல் கேட்டது. அவர் இறங்கி வருவார், சிரிப்பார் அல்லது கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவர் சீட்டிலேயே டயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முள் கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு அணையவில்லை.

இறங்கினார். சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தார். அடியில் படுத்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சீறுகிற திருகுக்கு ஒரு சாண் தள்ளி அவர் முகம் இருந்தது. இதோ, இப்போது கண்டுபிடித்துவிட்டார் என்று அமீனா ஓரடி முன்னால் வந்தாள். அவர் அப்படியே நகர்ந்து அடுத்த இணைப்புக்குப் போய்விட்டார்.

வெளியே வந்தபோது சட்டையெல்லாம் கரி. முகம் தொங்கிப் போயிருந்தது. கம்ப்ரஸர் போய்விட்டது போலிருக்கிறது, ராமாமிர்தம் சாருக்கு என்ன பதில் சொல்வேன் என்றார்.

"பின் டேங்க் பாத்தீங்களா மச்சான்?"

"அத நீதானே மூடுன? அது சரியாத்தான் இருக்கும்."

தெருக்கோடி வரை கேட்கிற சத்தம் இந்த மனிதருக்குக் கேட்கவில்லை. அது மட்டுமா, அவள் மூடிய திருகை அவர் சந்தேகப்படக்கூட இல்லை. பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், குனிய வைத்து, காற்று அடிக்கிற இடத்தில் அவர் உள்ளங்கையைக் காட்டினாள். காற்று பட்டதும் யூசுப் திருகைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"சத்தம் வருதா?"

"வருது."

"ஜாஸ்தியா?"

"தெருவுக்கே கேக்குது மச்சான்."

அவர் போய் இன்ஜினை நிறுத்திவிட்டு வந்து படியில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் சொன்னார். பல வருஷமாகவே அப்படித்தானாம். இன்ஜின் இரைச்சல், ஹாரன், உரக்கப் பேசுகிற பேச்சு எல்லாம் கேட்கும். மெல்லிய சத்தம் மட்டும் வராது. காற்று சீறுவது, கொசு பாடுவது, தாழ்ந்த குரலில் பேசுவது ஒன்றும் வராது. செவிட்டு டிரைவர் என்று பெயர் வந்துவிட்டால் எவன் வண்டியில் ஏறுவான் என்று மறைத்தாராம். தினமும் அவளை வண்டியைச் சுற்றி நடக்கவிட்டதும் அதற்குத்தானாம்.

அமீனா மனதுக்குள் பழைய போன் பேச்சையெல்லாம் ஓட்டிப் பார்த்தாள். என்ன, என்ன, லைன் சரியில்ல புள்ள என்று எத்தனை முறை. கடலையும் கம்பியையும் அல்லவா அவள் திட்டிக்கொண்டிருந்தாள்.

"முதல் சவாரி ஏர்வாடிக்குன்னு நான் போன்ல சொன்னது?"

"எப்ப சொன்ன?" என்றார் யூசுப். அவர் முகத்தில் பொய் இல்லை.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்த அந்தச் 'சரி சரி', காதில் விழாத பேச்சுக்குச் சொன்ன பதில். அவர் மறக்கவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. அவள் மெதுவாகப் பேசினாள், அவருக்குக் கேட்கவில்லை. இவ்வளவுதான் நடந்தது. இதற்காக எத்தனை நாள் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டிருக்கிறாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "உனக்காவத்தான் வேலைய விட்டுட்டு வந்தேன்னு சொன்னேன்ல. அங்க கம்பெனில காது டெஸ்ட் வெச்சாங்க. அதுல போச்சு."

இது கொஞ்சம் வலித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வலித்தது. காது நன்றாக இருந்திருந்தால் இன்னும் அங்கேதான் இருந்திருப்பார். அமீனா துப்பட்டி நுனியால் முகத்தைத் துடைத்தாள். அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த கரியையும் அதே நுனியால் துடைத்தாள். கண் ஓரத்துச் சுருக்கமெல்லாம் அவள் இல்லாத இடத்தில் விழுந்தவை.

"காத எடுத்துக்கிட்டு ஆள அனுப்பியிருக்கான் அல்லாஹ்" என்றாள். "எனக்கு ஆள்தான் வேணும்."

யூசுப் எழுந்து, திருகை மூட மறந்துவிட்டாயா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வழி விட்டுத்தான் கேட்டார். அது அவளுக்கும் தெரிந்தது. ஆமாம் என்றால் முடிந்தது, அவர் போய்விட்டு இரண்டு மாதம் கழித்து வருவார்.

"மறக்கல. தொறந்துதான் வெச்சேன்."

"ஏன் புள்ள?"

அவள் காத்திருந்த கேள்வி வந்துவிட்டது. பதில் வாய்க்குள்ளேயே முனகலாக வந்தது. அவர் என்ன என்று தலையைச் சாய்த்தார். இந்த மனிதரிடம் இனி முணுமுணுத்துப் பயனில்லை. அமீனா பீவி வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை வாய்விட்டுக் கேட்டாள், அதையும் பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் மதில் மேல் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டுக் கேட்டாள்.

"என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க மச்சான்."

யூசுப்பின் கண் கலங்கியது. படுக்கை நாலுதானே என்றார். இன்ஜின் பக்கத்துப் பலகையில் படுத்துக்கொள்வதாக அவள் சொன்னாள். அண்ணாமலை நகர் போனதும் ராமாமிர்தம் சாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன், காற்றுச் சத்தம் கேட்க ஆள் வேண்டும், அது என் மனைவி என்று சொல்கிறேன் என்றார்.

"வேணாம்னுட்டாங்கன்னா?"

"வண்டிய ஏர்வாடிக்குத் திருப்பிடுவோம். அவுங்க ஒத்துக்கிட்டா, வந்ததும் ஏர்வாடி, இன்ஷா அல்லாஹ்."

அமீனா ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு, வீட்டுச் சாவியைத் தங்கம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். வண்டிக்கடியில் நுழைந்து பின் டேங்க் திருகைக் கடைசி வரை சுற்றி மூடினாள். அப்புறம் முன்னால் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்ஜின் ஓடியது. முள் ஏறியது. சிவப்பு விளக்கு அணைந்தது. யூசுப் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தார். பின்னால் காற்று உள்ளே ஓடுகிற மெல்லிய சத்தமும் அதைத் தொடர்ந்து சின்னதாக ஒரு 'டொக்'கும் கேட்டன.

பின் சக்கரத்து ஸ்பிரிங் பிடியை விட்டதா என்பதை இத்தனை நாளும் அவர் கியரைப் போட்டு, வண்டி நகர்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். இன்று கியரில் கை வைக்கவில்லை. அவள் பக்கம் திரும்பினார்.

"விட்டுச்சா புள்ள?"

"விட்டுடுச்சு மச்சான்" என்றாள் அமீனா, அவருக்குக் கேட்கும்படியாக. "போலாம்."