கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு வரிசை

ஹார்பெக் டவுன் கால்பந்து அணி ஆடுவதைப் பார்க்க யாரும் ஹார்பெக் மைதானத்துக்கு வருவதில்லை. அணியின் மேல் உள்ள பாசத்தோடுதான் இதைச் சொல்கிறேன். யார்க்‌ஷயரில் எங்களுக்குக் கீழே இன்னும் சில அணிகள் இருப்பதாகக் கேள்வி. நாங்கள் அவர்களைச் சந்தித்ததில்லை. மக்கள் வருவது வடக்கு கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்கு. அதில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் என் பெரியம்மா மேவிஸ்.

போன குளிர்காலத்தில் மைதானத்து விளக்குகள் பழுதாயின. இருட்டுவதற்குள் ஆட்டம் முடிய வேண்டும் என்று, மூன்று மணி ஆட்டத்தை நண்பகலுக்கு மாற்றினார்கள். அதுவரை பெரியம்மா விற்றது மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பணியாரமும் சூடான மாட்டிறைச்சிச் சாறும்தான். இப்போது ஊர் பசியோடு, பல் மட்டும் துலக்கிக்கொண்டு வந்து நின்றது. அவள் உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டுகளையும் சாஸேஜையும் கல்லில் போட்டாள். பக்கத்தில் முட்டை. கறுப்புப் புட்டு என்று நாங்கள் சொல்லும் பன்றி ரத்த சாஸேஜை வட்ட வட்டமாக நறுக்கி ஓரம் மொறுமொறுவென்று சுட்டாள். எல்லாவற்றையும் ஒரு பன்னுக்குள் அடைத்துத் தந்தாள். விளக்கைச் சரிசெய்ய யாரும் அப்புறம் அவசரப்படவில்லை.

இந்த நிலையில்தான் டெனிஸ் அக்ராய்ட் கிளப்பை வாங்கினார். குளியலறை ஓடு வியாபாரத்தில் பெரிய ஆள். கிளப்பை நவீனமாக்கப் போவதாக அறிவித்தார். ஆட்டக்காரர்களில் கை வைப்பார் என்று எல்லோரும் நம்பினோம். அவர் காலை உணவில் கை வைத்தார். லீட்ஸிலிருந்து ஒரு வேன் வரும், அதில் புளித்த மாவு ரொட்டியும் அவகாடோவும் இருக்கும், இந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் விற்கட்டும், கூட்டம் எந்தப் பக்கமோ அடுத்த சீசன் அந்தப் பக்கம் என்று பெரியம்மாவிடம் நேரில் வந்து, தொப்பியைக் கழற்றி, மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் பெரியம்மா கல்லைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"இந்த ஜன்னல் போச்சுன்னா, சனிக்கிழமைன்னு ஒண்ணு எனக்கு எதுக்குடா?" என்றாள்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கடைசி வருடம். இந்த மாதிரி நேரங்களுக்காகத்தான் அரசாங்கம் என்னைப் படிக்க வைக்கிறது. பிரச்சினையை உடனே கண்டுபிடித்தேன்: வேகம் போதாது. இரண்டு மடங்கு பெரிய கல் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். முன்கூட்டியே சுட்டு, பன்னில் அடைத்து, தாளில் சுற்றி அடுக்கச் சொன்னேன். சாஸ் எது என்று ஆளாளுக்கு விசாரிக்கும் வேலையே வேண்டாம் என்று இரண்டு பாட்டிலையும் வெளியே வைத்தேன். பெரியம்மா சந்தேகத்தோடு பார்த்தாள். படித்தவன் சொல்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை திட்டம் அட்சரம் பிசகாமல் நடந்தது. வந்தவர்கள் கை நீட்டினார்கள், பன் கிடைத்தது, போனார்கள். ஜன்னல் முன்னால் ஒரு ஈ காக்கைகூட நிற்கவில்லை.

வேனில் தாடி வைத்த இரண்டு பையன்கள். அவர்கள் ரொக்கம் வாங்குவதில்லை. வங்கி அட்டை தேய்க்கும் கருவிக்கு எங்கள் மலையடியில் சிக்னல் கிடைப்பதில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாடி அந்தக் கருவியை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தபடி வேனைச் சுற்றி வந்தது. விளைவாக அங்கே ஒரு வரிசை உண்டாயிற்று. வரிசையைப் பார்த்தவர்கள் வரிசையில் சேர்ந்தார்கள். அது மூலைக்கொடி வரை வளர்ந்து, வளைந்து, கழிப்பறை வாசலைத் தொட்டது. கழிப்பறைக்கு வந்த சிலரும் அதில் நின்றார்கள்.

அதில் நோரிஸும் நின்றார். ஓய்வுபெற்ற தபால்காரர், பெரியம்மாவின் பன்னைத் தவிர வேறு எதிலும் இந்த மைதானத்தில் வாய் வைக்காதவர். எதற்காக நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தெரியல தம்பி. ஆனா இத்தனை பேர் சும்மாவா நிப்பாங்க?"

பெரியம்மா ஜன்னல் காலியாகத்தானே இருக்கிறது என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அதான் பயமா இருக்கு. யாருமே இல்லையே. மேவிஸுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அங்கேயே என் அடுத்த கோட்பாடு உருவானது. முந்தையதும் நல்ல கோட்பாடுதான். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தோம், அவ்வளவே. ஓடிப்போய், பெரிய கல்லை அணைத்துவிட்டுப் பழைய சின்னக் கல்லை ஏற்றச் சொன்னேன். சுற்றி வைத்த பன்களை மேசைக்கடியில் தள்ளினேன். சாஸ் பாட்டில்களை உள்ளே எடுத்தேன்.

"பசியோட வந்தவன நிக்க வெக்கிறது பாவம்டா."

"நிக்க வெக்கல பெரியம்மா. விசாரிக்கிறீங்க. நோரிஸ் முட்டி எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரிய வேணாமா?"

அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வரிசைக்கு விதை வேண்டுமே என்று நானே ஜன்னல் முன் நின்றேன். ஆட இறக்கப்படும் அபாயம் இல்லாத இரண்டு மாற்று ஆட்டக்காரர்களை எனக்குப் பின்னால் நிறுத்தினேன். இடைவேளை விசில் ஊதியது. மூன்று பேர் நிற்பதைப் பார்த்து நான்காவது ஆள் வந்தார். ஐந்தாவது ஆள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

பெரியம்மா ஒவ்வொருவராகத் தொடங்கினாள். சாஸ் பழுப்பா சிவப்பா? கறுப்புப் புட்டு மெதுவாகவா, மொறுமொறுவென்றா? தக்காளிச் சாற்றில் ஊறிய பீன்ஸ் முட்டையைத் தொடலாமா, நடுவில் சாஸேஜைக் கரை மாதிரி போடவா? தொடலாம் என்ற ஒருவரைப் பின்னால் நின்றவர்கள் கொஞ்சம் விலகி நின்று பார்த்தார்கள். வேன் வரிசையிலிருந்து ஆட்கள் கசியத் தொடங்கினார்கள். யாரையோ தேடுவது போலக் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து, எங்கள் வால் பக்கத்தில் தற்செயலாக நின்றார்கள். நோரிஸ் முதல் அலையிலேயே வந்துவிட்டார்.

அப்போது வேன் பையன்கள் தவறு செய்தார்கள். ஒருவன் கூரை மேல் ஏறினான். அங்கே சிக்னல் கிடைத்தது. மளமளவென்று வியாபாரம் நடந்து, மிச்சமிருந்த வரிசையும் கரைந்தது. காலி வேனை ஊர் சந்தேகத்தோடு பார்த்தது. அப்புறம் அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

இரண்டாம் பாதி ஆரம்பித்திருந்தது. டெனிஸ் அக்ராய்ட் மேல் அறையிலிருந்து இறங்கி வந்தார். முதல் பாதியில் கழிப்பறை வரை நீண்டிருந்த வேன் வரிசையை அவர் கண்ணாரக் கண்டிருந்தார்; அதற்கப்புறம் விருந்தாளிகளோடு பேசிக்கொண்டிருந்துவிட்டார். முடிவைச் சொல்லத் தொப்பியைக் கழற்றியபடி நேராக ஜன்னலுக்கு நடந்தார்.

நோரிஸ் இருமினார்.

சின்ன இருமல்தான். வரிசையை மீறுகிறவருக்கு எங்கள் நாட்டில் இதற்குமேல் கடுமையான சொல் கிடையாது. அக்ராய்ட் நின்றார். தன் மைதானம், தன் கொட்டகை, தன் ஜன்னல் என்றெல்லாம் அவர் சொல்லியிருக்கலாம். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மொத்த நீளத்தையும் நடந்து, கடைசியில் போய் நின்றார்.

ரொம்ப நேரம் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் எங்கள் அணி ஒரு கோல் வாங்கியது. வெண்ணெயில் வறுபடும் பன்னின் வாசனை வரிசையோடு சேர்ந்து நகர்ந்தது. அவர் காலையில் எதுவும் சாப்பிடவில்லை என்பது போகப் போக முகத்தில் தெரிந்தது. கடைசியில் ஜன்னல் வந்தது.

"மேவிஸ், இந்த ஜன்னல் விஷயமா உங்ககிட்ட ஒரு வார்த்தை..."

பெரியம்மாவின் கையில் கரண்டி ஒரு கணம் அப்படியே நின்றது. என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"பழுப்பா, சிவப்பா?" என்றாள்.

அவருக்குப் பின்னால் நின்றவர் இருமினார். அவருக்குப் பின்னால் நின்றவரும் இருமினார். ஒரு பெண்ணின் வேலையைப் பறிப்பது கடினமான காரியம். அக்ராய்ட் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். ஆனால் வரிசையைத் தாமதப்படுத்தி அதைச் செய்ய ஒரு யார்க்‌ஷயர்க்காரரால் முடியாது.

"பழுப்பு" என்றார்.

பன்னை வாங்கிக்கொண்டு விலகினார். சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் மறுபடியும் கடைசியிலிருந்து வர வேண்டும். கம்பியில் சாய்ந்து ஒரு கடி கடித்தார். இன்னொரு கடி. கறுப்புப் புட்டு வந்த இடத்தில் கண்ணை மூடினார். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டு உண்மையாகவே வரிசையின் கடைசிக்குப் போனார். அங்கே அவருக்கு முன்னால் வேன் பையன் நின்றிருந்தான், கூரை மேல் ஏறியவன்.

இறுதி விசிலுக்குச் சற்று முன் அக்ராய்ட் இரண்டாம் முறை ஜன்னலை அடைந்தார். பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். இந்த முறை கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"சொல்லுங்கய்யா. ஏதோ சொல்ல வந்தீங்களே."

அவர் வேனைத் திரும்பிப் பார்த்தார். அது வெறிச்சோடிக் கிடந்தது. தனக்குப் பின்னால் நீண்ட வரிசையையும் பார்த்தார்.

"ஆமா" என்றார். "அடுத்த சீசனுக்கு இந்த ஜன்னல் மேல ஒரு கூரை போடணும். மழையில நிக்க முடியாது. அப்புறம் இன்னொரு பன் குடுங்க. முட்டை மேல பீன்ஸ் படாம."