புல் வெட்டும்போது பட்டது என்று சொல்

நாகோ என் தங்கை மார்செலினின் கணவன். எங்கள் ஊரான டன்னா தீவிலிருந்து கூலி வேலைக்கு ஒரே விமானத்தில் குவீன்ஸ்லாந்து வந்தோம். பண்டாபெர்க்குக்கு வெளியே ஒரு குடைமிளகாய்ப் பண்ணையில் எங்களுக்கு ஒரே அறை. மேல்கட்டில் அவனுக்கு, கீழ்க்கட்டில் எனக்கு. விசா அந்தப் பண்ணையின் பேரில் கொடுத்தது. வேறு யாரிடமும் வேலை செய்யக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தோம்.

அந்த வருடம் மழை விடவில்லை. வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தால் அதிகம். அறை வாடகையும் வேன் பிடித்தமும் மட்டும் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நாகோ சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு மேல்கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பான்.

"வரி, வாடகை, வண்டி, இன்சூரன்ஸ்... எல்லாருக்கும் பங்கு இருக்கு மச்சான். மிளகா பறிச்சவனுக்குத்தான் இல்ல."

"மழை விட்டா சரியாயிடும்டா."

"எப்போ விடும்னு உனக்கு லெட்டர் போட்டிருக்கா?"

இருவரும் சிரித்தோம். ஆனால் அவன் மனம் வேறெங்கோ போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

சந்தையில் டேரன் என்று, வயல் வேலைக்கு ஆள்பிடிக்கும் ஒருவன் அவனைப் பிடித்தான். பிடித்தம் கிடையாது, கையில் ரொக்கம், பேர்கூடக் கேட்க மாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பியதும் நாகோ பையைக் கட்டினான்.

"அங்க உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருடா கேப்பாங்க?" என்றேன்.

"புயல் கூரையைத் தூக்கிட்டுப் போய் ஒரு வருஷமாச்சு. தார்ப்பாய்க்கு அடியில பிள்ளைங்களோட இருக்கறது உன் தங்கச்சிதான். அதை யாரு கேட்டாங்க?"

அவன் போய்விட்டான்.

மார்செலினிடம் நான் சொல்லவில்லை. அவள் போன் செய்யும்போதெல்லாம், "நல்லா இருக்கான், வேற வரிசையில வேலை" என்றேன். அவன் அனுப்பிய பணத்தில் தகரக்கூரை ஏறியது. அவள் அனுப்பிய படத்தைப் பார்த்து, ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் நான்தான் முட்டாளோ என்றுகூட நினைத்தேன்.

ஏழாவது மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எங்கள் நாட்டின் இன்னொரு தீவான டோங்கோவாவைச் சேர்ந்த பெண்ணின் குரல். பேர் லெய்மாரா. நாகோவோடு ஒரே வீட்டில் தங்கி, ஒரே வயலில் வேலை செய்பவள்.

"அண்ணே, நீங்கதான் நாகோவோட மச்சானா? ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விட்டுட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. உடனே போங்க."

எங்கள் மேற்பார்வையாளர் கேய்ல் எதுவும் கேட்காமல் கார்ச் சாவியை எடுத்தாள்.

நாகோவின் வலது கை முழங்கை வரை கட்டுப்போட்டிருந்தது. இரண்டு விரல்கள் இல்லை. மற்றவை மடங்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

"எப்படிப் பட்டது?" என்று மறுபடியும் அவனிடம் கேட்டார்.

"வீட்டுல புல் வெட்டும்போது."

அவர் என்னைப் பார்த்தார். அவனுடைய இடது கை நகங்களுக்குள் செம்மண் அப்பியிருந்தது. புல் வெட்டுகிறவன் கையில் அந்த மண் ஏறாது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் அவன் சொன்னதையே சீட்டில் எழுதிக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் நாகோ எங்கள் மொழியில் சொன்னான். சர்க்கரைவள்ளிக் கிழங்கு தோண்டும் இயந்திரம். ஓடும் சங்கிலியின் ஓரமாக உட்கார்ந்து கிழங்கைப் பொறுக்க வேண்டும். மண் அடைத்துக்கொள்கிறது என்று சங்கிலிக்கு மேலிருந்த மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். கையுறை சங்கிலியில் மாட்டிக் கையை உள்ளே இழுத்துவிட்டது. டேரன் ஆஸ்பத்திரிக்கு வரும் வழி முழுக்க ஒரே பாடம் நடத்தினான்: புல் வெட்டும்போது பட்டது என்று சொல். வாயைத் திறந்தால் வீட்டில் இருக்கிற எட்டுப் பேரும் ஊருக்கு விமானம் ஏறுவார்கள்.

"உண்மையைச் சொல்லிடுடா."

"சொன்னா அந்த எட்டுப் பேரு கதி? அவங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கு மச்சான். என் கை போனது போனதுதான்."

மறுநாள் மாலை லெய்மாரா வந்தாள். காலணியில் ஈர மண். கட்டிலருகே உட்காராமல் நின்றபடியே நாகோவிடம் கேட்டாள்.

"அண்ணே, உங்க எடத்துல இன்னிக்கு யாரு உக்காந்தாங்க, தெரியுமா?"

நாகோ கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

"நான்தான். குழாயால ரத்தத்தைக் கழுவி விட்டுட்டு டேரன் 'ஏறி உக்காரு'ன்னான். மூடி இன்னும் களத்து மூலையிலதான் கிடக்கு. எங்களைக் காப்பாத்தறேன்னு நீங்க வாயை மூடிக்கிட்டா அடுத்தது என் கை. அப்போ நானும் புல்லுதான் வெட்டினேன்னு சொல்லணுமா?"

"உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்களே, பொண்ணே."

"ரெண்டு கையோட அனுப்பட்டும்."

நாகோ இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். பிறகு என்னிடம், "டாக்டரம்மாவைக் கூப்பிடு" என்றான்.

அதிகாரிகள் விசாரித்தபோது, அப்படியொரு ஆளைத் தான் பார்த்ததே இல்லை என்றான் டேரன். அவன் சொன்னதை மறுக்க எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பேர்ப்பட்டியலில் நாகோ இல்லை. வயலில் அவனை 'ஜோ' என்றுதான் கூப்பிட்டார்கள். ஏழு மாதம் வேர்வை சிந்திய மண்ணில் அவன் இருந்ததற்கே சாட்சி தேட வேண்டியிருந்தது. எட்டுப் பேரில் ஐந்து பேர் அதிகாரிகள் வருவதற்குள் வேறு ஊருக்கு ஓடிவிட்டார்கள். இரண்டு பேர் பிடிபட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவன், 'உன் ஒரு கைக்காக எங்க ரெண்டு கையையும் வெட்டிட்டே' என்று நாகோவுக்குச் செய்தி அனுப்பினான். நாகோ அதை அழிக்காமல் வைத்திருந்தான்.

லெய்மாரா மட்டும் தானாகவே அலுவலகத்துக்குப் போய், தன் சொந்தப் பேரைச் சொல்லி, நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தாள். இயந்திரத்தை நிறுத்தி முத்திரை வைத்தார்கள். அவளும் திருப்பி அனுப்பப்பட்டாள்.

அதே பருவத்தில் எங்கள் பண்ணையில் எங்கள் நாட்டு மலகுலா தீவுக்காரன் ஒருவன் டிரெய்லரிலிருந்து விழுந்து முழங்காலைச் சுளுக்கிக்கொண்டான். அவன் எழுந்து நிற்பதற்குள் கேய்ல் விபத்துப் படிவத்தை நிரப்பிவிட்டாள். ஆறு வாரம் ஓய்வு, சம்பளம் நிற்கவில்லை. இதை நாகோவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். "நல்லது" என்றான்.

அவனுக்குப் பட்டது வேலையில் பட்ட காயம்தான் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளப் பதினோரு மாதம் ஆயிற்று. வைத்தியச் செலவும் ஓரளவு நஷ்டஈடும் வந்தன. கை மடங்கவில்லை.

விபத்து நடந்த அந்த வாரமே மார்செலினுக்கு நான்தான் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஏழு மாசமா பொய் சொன்னியா அண்ணே?"

"உன்னை ஏன் கவலைப்பட வைக்கணும்னுதான்..."

"என் புருஷன் எங்க வேலை செய்யறான்னு தெரிஞ்சிருந்தா, வேண்டாம்னு சொல்லியாவது பாத்திருப்பேன். அதைக்கூட என்கிட்டேயிருந்து எடுத்துட்டே."

நாகோ ஊர் திரும்பினான். அடுத்த விடுமுறையில் நானும் போனேன். மார்செலின் தேங்காய்ப்பாலில் வெந்த கிழங்கு லாப்லாப்பை என் இலையில் வைத்துவிட்டு முகம் பார்க்காமல் திரும்பினாள். நாகோ இடது கையால் சாப்பிடப் பழகியிருந்தான். கிழங்கைப் பிட்டு என் பக்கம் தள்ளி, "சாப்பிடு மச்சான், அவ கோவம் உன் மேல மட்டும் இல்ல" என்றான்.

பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்த மார்செலின் வாசலில் நின்றாள்.

"இவருக்காகச் சாட்சி எழுதிக் கொடுத்த அந்தப் பொண்ணு இப்போ எங்க இருக்கா?"

"வீலா டவுன்ல. ஒரு ஹோட்டல் சமையலறையில வேலை."

"ஒரு தடவை இங்க கூட்டிட்டு வா அண்ணே" என்றாள். அன்று என்னிடம் அவள் பேசியது அவ்வளவுதான்.