பனிக்குத் தாம்பூலம்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன. இவ்வூரின் வானிலை, நூலகத்தின் கீழ்த்தளத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் நடைபெறும் ஆங்கில வகுப்பில் தீர்மானிக்கப்படுகிறது. வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுக்காக ஊர்மக்கள் இலவசமாக நடத்தும் வகுப்பு அது. இங்கே இருவர் சந்தித்தால் வானிலையைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்குவார்கள் என்பதால் முதல் பாடமும் அதுவே. முறை வந்தவர் எழுந்து நின்று, வானிலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொன்னபடி வானம் நடந்துகொள்ளும். அடுத்தவர் வாய் திறக்கும்வரை அப்படியே இருக்கும். ஊர்க்காரர்கள் சொல்வதை வானம் பொருட்படுத்துவதில்லை. அவர்கள் பேச்சுக்காகப் பேசுகிறார்கள் என்பது அதற்குத் தெரியும்.

அடுத்து, எனக்கு முந்தைய முறை மங்கோலியாவிலிருந்து வந்த பாத்பாயாருடையது. அவர் "பனி நல்லது" என்றார். பிறகு ஒரு ரொட்டிக்கடையில் வேலை கிடைத்து, வகுப்புக்கு வருவதை விட்டுவிட்டார். பனி விடவில்லை.

கடைசியாக, என்னைப் பற்றி. ஓய்வுபெறும்வரை கரூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இலக்கணம் கற்பித்தேன். இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன். திருமண அழைப்பிதழ் வந்தால் பிழைகளைத் திருத்தி முடித்த பின்புதான் தேதியைப் பார்ப்பேன். அதனால் சில திருமணங்கள் தவறிப்போயிருக்கின்றன. பிழையோடு பேசுவதைவிட வாய் மூடியிருப்பதே ஒழுக்கம் என்பது என் கொள்கை. ஆகவே, பாத்பாயாருக்குப் பின் வந்த முறை குளிர்காலம் முழுவதும் என்னிடமே தங்கிவிட்டது.

ஒவ்வொரு செவ்வாயும் எழுந்து நிற்பேன். வானத்தின் தன்மை, காற்றின் திசை, வெயிலின் அளவு, அது நீடிக்க வேண்டிய காலம் ஆகிய அனைத்தும் அடங்கிய ஒரே வாக்கியத்தை மனத்துக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு சொல் உறுத்தும். உட்கார்ந்துவிடுவேன். ஆசிரியை ஹில்டா, "அவசரமே இல்லை, நிதானமாகச் சொல்லுங்கள்" என்பார். ஊரே அப்படித்தான் சொன்னது. பனி முதல் மாடியை எட்டியபோது மக்கள் சன்னல்கள் வழியாகப் போக்குவரத்தை வைத்துக்கொண்டார்கள். மேயர் ஒருநாள் எங்கள் சன்னல் வழியாக உள்ளே வந்து, ஆப்பிள் வைத்துச் சுட்ட பணியாரம் ஒன்றைக் கொடுத்து, அவசரமே இல்லை என்று சொல்லிவிட்டு அதே சன்னல் வழியாக வெளியேறினார். எனக்கு வாக்கியத்தை அவசரப்படுத்தும் மனிதர் ஒருவர் தேவைப்பட்டார். அந்த ஊரில் அப்படி யாரும் இல்லை, சிவபாக்கியத்தைத் தவிர.

சிவபாக்கியம் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர், வகுப்பில் எனக்கு அடுத்த நாற்காலி. மறுபக்கத்து நாற்காலியில் எரித்திரியாவிலிருந்து வந்த லெம்லெம். அவருடைய கணவர் டெஸ்ஃபாய் வந்த விமானம், பனியால் இறங்க முடியாமல், குளிர்காலத் தொடக்கத்திலிருந்து ஊருக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது. விமானத்தில் வாழ்க்கை ஒழுங்காகவே நடந்தது. பின்வரிசையில் ஒருவர் முடி திருத்தினார். குழந்தைகள் அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றார்கள். நேர் மேலே வரும்போது மட்டும் அலைபேசி எடுக்கும் என்பதால், ஒரு சுற்றுக்கு அரை வாக்கியம்தான் பேச முடிந்தது. ஒருநாள் டெஸ்ஃபாய் "உன் தலைமுடி" என்றார். மேலே சொல்வதற்குள் விமானம் கடந்துவிட்டது. அடுத்த சுற்றில் அவர் அதை மறந்து, வேறு ஏதோ கேட்டார். தலைமுடிக்கு என்ன என்று லெம்லெம் என்னிடம் பலமுறை விசாரித்தார். எழுவாயை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்வதற்கில்லை என்றேன்.

ஊர்க்காரர்களை அழைத்து வகுப்பில் கலாசார மாலை நடத்திய செவ்வாயன்று லெம்லெம் என் கையைப் பிடித்துக்கொண்டார். கணவருடைய நுழைவு அனுமதி அன்று இரவோடு முடிகிறது. அதற்குமேல் விமானம் திரும்பிவிடும். மறுமுறை அனுமதி தரமாட்டார்கள். இவ்வளவையும் அவர் வகுப்பு ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னார்: "இன்று இறங்க வேண்டும். இல்லையென்றால் இல்லை."

அன்றைய பொருள், விருந்தினரை எப்படி வழியனுப்புவது என்பது. ஒவ்வொருவரும் தம் நாட்டு வழக்கத்தைச் செய்து காட்ட வேண்டும். லெம்லெம் காப்பிக்கொட்டை வறுத்தார். நான் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், இரண்டு வாழைப்பழம் வைத்திருந்தேன். வழியனுப்பத்தான் ஆள் இல்லை. ஊர்க்காரர்கள் அப்போதுதான் காப்பிக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

"டீச்சர், இஞ்ச ஆரும் எழும்புற எண்ணத்தில இல்லை. பனியையே அனுப்பி விடுங்கோவன்" என்றார் சிவபாக்கியம்.

என் வாக்கியம் இன்னும் முடியவில்லை என்றேன்.

"உங்கட வாக்கியம் முடியிறதுக்குள்ள அந்த மனுசன் மேலயே கிழவனாயிடுவார். 'போ' எண்டு ஒரு சொல்லு. அதுக்கு என்னத்துக்கு இவ்வளவு யோசனை?"

"வாசல்ல நிக்கிறவங்களப் பாத்து 'போ'ன்னு சொல்றதா, சிவபாக்கியம்?"

"அது எங்கட வாயிலயும் வராதுதான். எண்டாலும் டீச்சர், இண்டைக்கு ஒருநாள் 'வா' எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

ஹில்டா கதவைத் திறந்தார். வாசலில் பனி கதவுக்கு மேலான உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் தட்டை நீட்டினேன். குளிர்காலம் முழுவதும் கட்டிய வாக்கியத்தை மனத்தில் எடுத்தேன். தலைக்கு மேலே விமானத்தின் இரைச்சல் கேட்டது. லெம்லெம் அண்ணாந்து பார்த்தார். வாக்கியத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, 'போ' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைச் சொன்னேன். சொன்ன மறுகணமே, எவரையும் இதுவரை அந்தச் சொல்லோடு நிறுத்தி அனுப்பியறியாத என் வாய், 'வா' என்பதையும் சேர்த்துவிட்டது. போய்விட்டு வா. மூன்று ஆங்கிலச் சொற்கள். சிவபாக்கியம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

பனி இரண்டு கைகளாலும் தட்டை வாங்கிக்கொண்டது. முதுகு காட்டாமல் தெருக்கோடிவரை பின்வாங்கியது. அங்கே ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

விமானம் இறங்கியபோது இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. விமான நிலைய அதிகாரி முத்திரை குத்தினார். லெம்லெம் அடுப்பில் காப்பியை விட்டுவிட்டு ஓடிவந்திருந்தார். கையில் கரண்டி இருந்தது. டெஸ்ஃபாய் அவரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வளர்ந்துவிட்டது" என்றார்.

பின்னர் முடிவானவை பின்வருமாறு. என் மூன்று சொற்களில் குறைந்தது நான்கு பிழைகள் இருந்ததாக நான் எழுதிக் கொடுத்தேன். என்னை இரண்டாம் நிலைக்கு உயர்த்திவிட்டார்கள். வரச் சொல்லியிருந்தபடியால் பனி ஜூன் மாதம் வந்தது. தன் அக்காவான ஆலங்கட்டி மழையையும் அழைத்து வந்திருந்தது. அழைத்தவள் நான் என்பதால் இருவரும் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். மருமகள் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. தட்டை வெறுமையாகத் திருப்பித் தரலாகாது என்பதால் பனி அதில் ஒரு சிறிய ஏரியை வைத்துத் தந்தது. அதற்குக் கூடத்தில் இடம் ஒதுக்கினோம். டெஸ்ஃபாய் இப்போதும் தம் வீட்டை ஒருமுறை சுற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்.

அவரும் வகுப்பில் சேர்ந்தார். சென்ற செவ்வாய் அவருடைய முறை வந்தது. அவருக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் விமானத்தில் கேட்டது. அவர் எழுந்து நின்று, அனைவரும் தத்தம் இருக்கையில் அமர்ந்து சீட் பெல்ட் அணிந்துகொள்ளுமாறு தெளிவான குரலில் கேட்டுக்கொண்டார். அது வானிலையைப் பற்றிய வாக்கியம் அன்று என்று நான் ஆட்சேபித்தேன். வானத்தைப் பற்றியதுதான் என்று ஹில்டா தீர்ப்பளித்தார். மறுநாள் நகராட்சி வீடு வீடாகப் பெல்ட்டுகளை வழங்கியது. வெள்ளிக்கிழமை காலை ஊர் தரையைவிட்டு எழும்பியது. எனக்குச் சன்னலோர இருக்கை கொடுத்திருக்கிறார்கள். அவர் சொன்ன வாக்கியத்தை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். அதில் பிழை ஏதும் இல்லை.