ஊருணியின் எல்லை

கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். வந்தாலும் அரை மணி நேரம். போர் போட்ட வீடுகளில் வெறும் காற்றுதான். தெருக்கோடி ஊருணியைத் தூர்வாரினால் போரெல்லாம் ஊறும் என்று முதலில் சொன்னவள் இசக்கிச்செல்வி. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவள். லீவு போட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாள். இரண்டு வருஷம் மனு கொடுத்தோம். நான் பாதியிலேயே சலித்துப்போனேன். அவளுக்கு உடும்புப் பிடி, விடவில்லை.

ஒருவழியாக ஊருணியை அளக்க சர்வேயர் வந்தார். காலையிலிருந்து வெயிலில் சுற்றியும் வரைபடத்தில் இருந்த பழைய எல்லைக் கல் அவர் கண்ணில் படவில்லை. கல் கிடைக்காவிட்டால் வேலை அடுத்த வருஷம்தான் என்று நோட்டை மூடினார்.

"கல்லையா சார் தேடுதீங்க? வாங்க, நான் காட்டுதேன்" என்று இசக்கிச்செல்வி முந்திக்கொண்டாள்.

அந்தக் கல் அவள் வாசலில்தான் இருந்தது. அதில்தான் ஆட்டைக் கட்டுவாள். அவளும் புருஷனும் சிறுகச் சிறுகக் கட்டிய இரண்டு அறை வீடு, கல்லுக்கும் ஊருணிக்கும் நடுவில். அது அளவு பார்க்க நட்ட ஏதோ ஒரு கல், ஊருணியின் எல்லை கரையோடு முடிந்துவிடும் என்றே அவள் நினைத்திருந்தாள். எனக்கு விவரம் தெரியும். எங்கள் வீட்டுக்கு என் மாமனார் அந்தக் கல்லைப் பார்த்துத்தான் தள்ளி அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார். அவள் சர்வேயரைக் கூட்டிப்போனபோது நானும் கூடவே நடந்தேன். "ஏட்டி, சும்மா இரு" என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. எனக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் ஜேசிபி வந்தது. ஊருக்கு வெளியே, கரிசல் காட்டு நடுவில், மூன்றாம் மாடியில் அவளுக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். ஆட்டை விற்றுவிட்டுப் போனாள்.

ஐப்பசி மழையில் ஊருணி நிறைந்தது. இப்போது என் போரில் தண்ணீர் பீச்சியடிக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை இசக்கிச்செல்வி இரண்டு குடத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அங்கே தண்ணீர் லாரி வந்து ஆறு நாளாயிற்றாம். மோட்டாரைப் போட்டேன்.

"நல்லாத்தான் நெறஞ்சிருக்கு, என்னட்டி?" என்று ஊருணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கற்பகம், அந்தக் கல்லு விவரம் ஒனக்குத் தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே என்னையத் தடுத்திருப்பேல்லா?"

"பின்னே? தெரிஞ்சா சொல்லாம இருப்பேனாட்டி?" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள்.