ரிச்சர்ட் சார் சொருகிய ஒயர்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆண்டுமலர் ஆசிரியர் "நெட்வொர்க்கிங் பற்றி எளிமையாக ஒரு கதை" கேட்டார். எனக்குத் தெரிந்த நெட்வொர்க்கிங், ரவுட்டரை அணைத்துப் போடுவது. ஆகவே குமணன்சாவடியில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தைக் கட்டி, ஃபஸீலா என்றொரு பெண்ணை அதில் மாணவியாகச் சேர்த்துவிட்டேன்.

தொடக்கம்: "மின்னல்கள் கம்பிக்குள் காதல் பேசிய அந்தக் காலையில்..." (வேண்டாம். ஃபஸீலா சிரிப்பாள்.)

2

பதினொரு மணிக்கு அவளுக்கு ஆன்லைனில் இறுதித் தேர்வு. தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மாலையில் பாடம் நடத்தும் ரிச்சர்ட் சார் கையெழுத்துப் போட்டால், இங்கேயே லேப் உதவியாளர் வேலை.

விசிட்டிங் கார்டில் பெயரைவிடப் பட்டங்கள் நீளமான ரிச்சர்ட் சார், சுவரிலிருந்த சுவிட்சருகே* ஒரு ஒயர் நுனி தொங்குவதைக் கண்டார்.

"ஒயர் தொங்கினா ஒழுக்கம் தொங்குதுன்னு அர்த்தம்" என்று, அதைக் காலித் துளையில் சொருகினார். மறுநுனியும் அதே சுவிட்சில்தான் இருந்தது. ஃபஸீலா பார்த்தாள். சார் பார்க்கவில்லை.

(* கணினிகளை இணைக்கும் பெட்டி. யாருக்கென்று தெரியாத செய்தி வந்தால், வந்த வழி தவிர எல்லா வழியிலும் அனுப்பிவிடும். ஒரே ஒயரின் இரு நுனியும் அதிலேயே இருந்தால், போன செய்தி திரும்பி வரும். புதுசென்று நினைத்து மறுபடி அனுப்பும். அடுக்கக வாட்ஸப் குழுவில் காலை வணக்கம் போல. கடைசியில் வேறு எதற்கும் இடமிருக்காது.)

3

பச்சை விளக்குகள் பேய் பிடித்ததுபோல் ஒன்றாகத் துடித்தன. இருபது திரைகளும் உறைந்தன.

"சர்வர் பிராப்ளம்" என்றார் சார். "நல்ல சான்ஸ். நெட்வொர்க்கோட ஏழு அடுக்கையும் எழுதிக்கோங்க." போர்டில் வரையத் தொடங்கினார்.

"ஏழு மாடி கட்டிகினு கீறாரு, வாசப்படியே காணோம்" என்றாள் பக்கத்தில் ரேவதி.

"அவரு சொருகுன ஒயருதான்டி. புடுங்குனா சரியாப்பூடும்" என்றாள் ஃபஸீலா.

"புடுங்கேன்."

"வேலையும் பூடும். ஓனரு பின்னால குந்திகினு கீறாரு. சாரு எழுதுன ஐபி நம்பரு தப்புன்னு சொன்ன முஜீப் இன்னா ஆனான்?"

முஜீப் மறுநாளே வேறு பேட்சுக்கு மாற்றப்பட்டிருந்தான்.

(இங்கே ஃபஸீலாவுக்கு "அறிவு என்பது..." என்று ஒரு வீரவசனம் எழுதினேன். தேர்வுக்கு நாலு நிமிடம் இருக்கையில் யார் அப்படிப் பேசுவார்கள்?)

4

முடிவு அ: இழுக்கிறாள். சார் கண்கலங்கிப் பாராட்டுகிறார். (அவ்வளவு பட்டம் வாங்கியவர் கண்கலங்கி நான் பார்த்ததில்லை.)

முடிவு ஆ: சும்மா இருக்கிறாள். வேலை கிடைக்கிறது. அடுத்த பேட்சுக்கு அவளே "சர்வர் பிராப்ளம்" என்று... (ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்குத் தூக்கம் வராது.)

5

மணி 10:58. நான் முடிவெடுப்பதற்குள் ஃபஸீலா எழுந்து சுவிட்சருகே போய்விட்டாள். ஒயரின் பிளாஸ்டிக் நாக்கை விரலால் அழுத்தியும்விட்டாள். இன்னும் இழுக்கவில்லை. சார் ஐந்தாம் அடுக்கிலிருந்து திரும்புகிறார்.

"என்னம்மா, அங்க என்ன பண்றே?"

ஓனரும் நிமிர்கிறார்.

இழுத்தால் அவளுக்கு வேலை போகும். விட்டால் ஆறு மாதம் போகும். எப்படி முடித்தாலும் எனக்கு ஒன்றும் போகாது. ஆகவே இதை முடிக்கும் உரிமை எனக்கில்லை. இழப்பதற்கு ஏதாவது கையில் வைத்திருப்பவருக்கே. நீங்கள் அப்படிப்பட்டவரா?

சீக்கிரம். மணி 10:59.