நிமிர்த்தினால் போதும்

பதினேழு வயதான காரை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களைச் சர்வேயர் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தார்: விட மனம் வராதவர்கள், விட வக்கில்லாதவர்கள். தன் வீட்டு வாசலிலும் அப்படியொரு கார் நிற்கிறது என்பதை யாராவது சுட்டிக்காட்டினால் தயங்காமல் மூன்றாவது வகை ஒன்றை உண்டாக்கிக்கொள்வார். விற்பனைக்கு வரும் மற்றக் கார்களின் லட்சணம் முழுவதும் தெரிந்திருப்பதால் எதையும் வாங்க முடியாதவர்கள். அந்த வகையில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டு, எதை மாற்றலாம், எதை நிமிர்த்தலாம், இன்ஷூரன்ஸ் கம்பெனி எவ்வளவு கொடுத்தால் போதும் என்று அறிக்கை எழுதுவது அவருடைய தொழில். இருபத்திரண்டு வருட அனுபவம். ஒர்க்‌ஷாப்காரர்கள் கொடுக்கும் எஸ்டிமேட் எதுவும் அவர் கையிலிருந்து முழு உடம்போடு திரும்பியதில்லை. அதனால் அவருக்குப் பின்னால் ‘கத்தரி’ என்ற பெயர் புழங்கியது. அது தன் காதில் விழாதது போல் நடந்துகொள்வார். உள்ளுக்குள் ஒரு பட்டம் வாங்கிய நிறைவு அவருக்கு.

அவர் மனைவி பிசியோதெரபிஸ்ட். கீழே விழுந்து எலும்பு முறிந்தவர்கள், பக்கவாதத்தில் படுத்தவர்கள் என்று தினமும் ஐந்து வீடுகளுக்குப் போய்க் கைகால்களை அசைக்கக் கற்றுக்கொடுப்பவள். வாசலில் நின்ற அந்தக் காரை உண்மையில் ஓட்டுபவள் அவள்தான். செவ்வாய்க்கிழமை காலை அது மேம்பாலத்தின் உச்சியில் நின்றுவிட்டது. பின்னால் லாரிகள் உரசிக்கொண்டு போக, நாற்பது நிமிடம் அவள் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றிருக்கிறாள். அன்று மாலை வீட்டுக்கு வந்தவள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் தட்டுக்குப் பக்கத்தில் சாவியை வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. இல்லேன்னா நானே போய்க் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை வாங்கிட்டு வந்துடுவேன்.”

“கண்ணைத் தொறந்துக்கிட்டு வாங்கினவங்களே கடைசில என்கிட்டதான் வந்து நிக்கிறாங்க.”

“வரட்டும். அவங்களாவது பாலத்துமேல நிக்காம வர்றாங்களே.”

அவர், பதில் கிடைக்காதபோது வழக்கமாகச் செய்வதைச் செய்தார்: சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று யோசிப்பவர் போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

இந்த விவகாரத்தில் மச்சினன் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டான். மனைவியின் தம்பி, வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்பவன். கார்களைப் பற்றிய அவனுடைய ஞானம் முழுவதும் கழிவறையில் உட்கார்ந்து போனில் பார்த்த வீடியோக்களிலிருந்து வந்தது என்பது சர்வேயரின் மதிப்பீடு. அந்த மதிப்பீட்டை அவர் ஒருபோதும் குறைத்துக்கொண்டதில்லை.

“மாமா, ஒரு வண்டி பார்த்து வெச்சிருக்கேன். அஞ்சே வருஷம். வெள்ளைக் கலர். சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டினது.”

“ஏன் மாப்ள, செகண்ட் ஹேண்ட் வண்டி எல்லாத்தையும் டாக்டருங்களே ஓட்டியிருந்தா, இந்த ஊர்ல வைத்தியம் யாரு பாத்தாங்க?”

“கிண்டல் பண்ணுங்க. ஆனா வந்து பாருங்க. நீங்க சர்வேயருன்னு மட்டும் அங்க சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அந்தாளு உஷாராயிடுவான்.”

“நான் வாயைத் தொறந்தாத்தானே தெரியும்.”

“அதுதான் எனக்குப் பயமே” என்றான் மச்சினன்.

ஞாயிறு காலை மூவரும் போனார்கள். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருந்த காலி மனையில் முப்பது கார்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றின் டயர்களுக்கும் கறுப்புச் சாயம் பூசப்பட்டிருந்தது. மூலையில் கண்ணாடி அறை ஒன்று. அதிலிருந்து வெளிப்பட்ட வியாபாரி, பல வருடம் பிரிந்திருந்த உறவினர்களை வரவேற்பவர்போல் இரு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். வாங்க வந்திருந்த மற்றவர்களைச் சர்வேயர் நோட்டம் விட்டார். ஒருவர் பானெட்டைத் திறந்து, என்ன பார்ப்பதென்று தெரியாமல் வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் டயரைக் காலால் உதைத்துவிட்டுத் திருப்தியோடு தலையாட்டினார். டயர் உதையைத் தாங்கியதில் என்ன நிரூபணமாயிற்று என்று சர்வேயருக்குப் புரியவில்லை. இவர்களை ஏமாற்றுவதற்கு வியாபாரிகள் இவ்வளவு சிரமப்படுவதே வீண் என்று தோன்றியது.

அடிபட்டு மாற்றிய பாகம் ஏதாவது உண்டா என்று வெள்ளைக் காரை அவர் தன் முறைப்படி சோதிக்கத் தொடங்கினார். கதவுகளின் இடைவெளியில் விரலை ஓட்டினார். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, அடியில் தைத்திருந்த தயாரிப்புத் தேதியைப் படித்தார். முன் கண்ணாடியின் மூலையில் இருந்த எண்ணையும் பக்கக் கண்ணாடியின் எண்ணையும் ஒப்பிட்டார். பானெட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட காயம் இருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். எங்கும் குறை அகப்படவில்லை. குறை அகப்படாதது அவரைக் கொஞ்சம் சங்கடப்படுத்தியது.

இதற்குள் மனைவி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். சீட்டை முன்னால் இழுத்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, கிளட்சை ஒருமுறை மிதித்துப் பார்த்தாள். பழைய காரின் கிளட்சை மிதித்து மிதித்து அவளுக்கு இடது முழங்காலில் வலி வந்திருந்தது. ஊரார் முழங்கால்களைச் சரிசெய்பவள் அதை வீட்டில் சொல்லிக்கொள்வதில்லை. இப்போது முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“வெண்ணெய் மாதிரி இருக்குங்க.”

“ம்” என்றார் சர்வேயர். அவர் அகராதியில் அது ஏறக்குறைய பாராட்டு.

மச்சினன் அவர் தோளருகில் வந்து கிசுகிசுத்தான். “என்ன மாமா, சத்தத்தையே காணோம்? மனசு விட்டு ஒரு தடவை நல்லா இருக்குன்னு சொல்லிப் பாருங்க. ஒண்ணும் ஆகாது.”

“டிக்கியைப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

டிக்கியைத் திறந்தார். விரிப்பைத் தூக்கினார். ஸ்டெப்னியைக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னார். வியாபாரி கொஞ்சம் முனகிக்கொண்டே ஆளைக் கூப்பிட்டுச் செய்தார். குனிந்து, போன் வெளிச்சத்தைக் காட்டி, தரைக்கு அடியில் வண்டியின் முதுகெலும்புபோல் ஓடும் சேசிஸ் இரும்பை இடப்பக்கமிருந்து தடவிக்கொண்டு போனார்.

அடியில் பூசியிருந்த கறுப்புப் பெயின்ட் ஓரிடத்தில் உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் போட்ட ஒரு சாய்கோடு. அதன் கீழ்நுனி தூண்டில் முள்போல் மேல்நோக்கி வளைந்திருந்தது.

அவர் தொழிலில் எல்லாரும் அடிபட்ட பாகங்களில் குறி போடுவார்கள். மாற்ற வேண்டியதற்கு வட்டம், நிமிர்த்தினால் போதும் என்பதற்குச் சாய்கோடு. ஒர்க்‌ஷாப்காரர்கள் கள்ளக் குறி போட்டுவிடக் கூடாதென்று கோட்டின் நுனியை இப்படி வளைத்து முடிப்பவர் ஒரே ஒருவர்தான்.

குனிந்த நிலையிலேயே அவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. மூன்று வருடம் இருக்கும். பின்னால் வந்த வேன் ஏறிய வண்டி. சேசிஸ் இரும்பு மடங்கியிருந்தது. அதற்கு வட்டம் போட்டிருந்தால் மொத்தச் செலவு வண்டியின் மதிப்பைத் தாண்டிப்போய், கம்பெனி முழுத்தொகையையும் கொடுத்து வண்டியை உடைக்க அனுப்பியிருக்க வேண்டும். “சார், இது மடங்கி நிமிர்ற இரும்பு. பார்வைக்கு நேரா இருக்கும். இன்னொரு அடி வாங்கினா காகிதம் மாதிரி சுருங்கிடும்” என்று தகடு நிமிர்த்தும் டிங்கர் சொன்னார். “உனக்கு எஸ்டிமேட் ஏறணும். அதுக்கு இவ்வளவு பெரிய பிரசங்கமா?” என்று இவர் கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது.

“இந்த வண்டி வேண்டாம்.”

“ஏங்க?” என்றாள் மனைவி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல்.

“கலர் சரியில்ல. வெள்ளை சீக்கிரம் அழுக்காயிடும்.”

மச்சினன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். “மாமா, ஸ்டெப்னியைக் கழட்டிப் பார்த்துத்தான் வெள்ளைன்னு கண்டுபிடிச்சீங்களா?”

கை நழுவப் போகும் வியாபாரத்தைப் பார்த்து வியாபாரி பதறவில்லை. கண்ணாடி அறைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் உறையோடு திரும்பினார்.

“சார் எதைப் பார்த்துட்டு யோசிக்கிறாருன்னு புரியுது. நம்மகிட்ட ஒளிவுமறைவே கிடையாது. பின்னால லேசாத் தட்டினதுதான். இன்ஷூரன்ஸ் சர்வே ரிப்போர்ட்டே இருக்கு பாருங்க. எழுதினவரு சாதாரண ஆளு இல்ல. ஒரு பைசா விடமாட்டாராம், பெரிய கறார் பேர்வழி. அவரே நிமிர்த்தினால் போதும்னு எழுதிட்டாருன்னா, அப்புறம் நாம யாரு சார்?”

மச்சினன் காகிதத்தை வாங்கினான். படித்தான். கடைசிப் பக்கத்துக்குப் போனான். பிறகு அதைப் பேசாமல் அக்காவிடம் நீட்டினான். அவன் வாயடைத்துப் போனதைச் சர்வேயர் முதல்முறையாகப் பார்த்தார். நியாயமாக மகிழ்ந்திருக்க வேண்டும்.

அதிலிருந்த கையெழுத்தை அவள் பார்த்தாள். பிள்ளைகளின் மதிப்பெண் அட்டைகளிலும் வீட்டுக் கடன் காகிதங்களிலும் பார்த்துப் பழகிய கையெழுத்து. காரிலிருந்து இறங்கி, அவர் எதிரில் வந்து நின்றாள்.

“நீங்க பார்த்து எழுதினதுன்னா நல்ல வண்டிதானே? அப்புறம் ஏன் வேண்டாங்கறீங்க?”

அவர் டிக்கியைச் சாத்தினார்.

“சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதை நான் ஓட்டலாமா?”

இத்தகைய இடங்களுக்கென்றே அவரிடம் வாக்கியங்கள் தயாராக இருந்தன. ‘மேலோட்டமான பரிசோதனையில் தெரிந்தவரை.’ ‘பயன்பாட்டுக்கு ஏற்றது எனக் கருதப்படுகிறது.’ இருபத்திரண்டு வருடமாக அவர் எழுதிய அறிக்கைகளில் எல்லாம் கருதப்பட்டன, காணப்பட்டன, பரிந்துரைக்கப்பட்டன. கருதியவர் யார், பரிந்துரைத்தவர் யார் என்று அந்த வாக்கியங்களைத் துருவினாலும் ஒரு மனிதன் அகப்படமாட்டான். ஆள் இல்லாத வாக்கியங்களில் குடியிருப்பது சுகமாகத்தான் இருந்தது. மனைவியின் கேள்வியிலோ ‘நான்’ என்று ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தாள். அதற்குக் கருதப்படுகிறது என்று பதில் சொல்ல முடியாது.

“ஓட்டக் கூடாது” என்றார். “பின்னால எவனாவது இடிச்சா தாங்காது. அதை மாத்தச் சொல்லி எழுதியிருக்கணும். எழுதல. டிங்கர் அன்னிக்கே சொன்னாரு. நான்தான் கேக்கல.”

வியாபாரியின் விரிந்த கைகள் மெல்லக் கீழே வந்தன. “அப்போ அந்தச் சர்வேயர்...”

“நான்தான்.”

“நல்லாயிருக்கு சார். உங்க கையெழுத்தை நம்பித்தான் நான் இதைக் காசு போட்டு வாங்கினேன். எங்களை எல்லாரும் திருடன்னு சொல்றாங்க. நாங்க டயருக்கு மட்டும்தான் சார் கலர் அடிக்கிறோம்.”

சர்வேயருக்கு, சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று யோசிப்பவர் போல் முகத்தை வைத்துக்கொள்ளச் சாப்பாட்டுத் தட்டும் இல்லை.

மனைவி அறிக்கையை மடித்து உறைக்குள் வைத்து வியாபாரியிடம் கொடுத்தாள். அவளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை; நோயாளியின் எந்த மூட்டு உண்மையில் அசையவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டவளின் முகமாக இருந்தது.

“அந்த டிங்கர் இன்னும் இருக்காரா?”

“இருக்காரு. ரயில்வே கேட் பக்கத்துல.”

“அப்போ அடுத்த வண்டியை அவரைக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்துக்கறேன். நீங்க வரவேண்டாம். வீட்டுல நிக்கறதை உடைக்கக் கொடுத்துடலாம், இன்னொருத்தர் தலையில கட்ட வேண்டாம். அதுவரைக்கும் பஸ்ல போய்க்கறேன்.”

“அக்கா, நான் வேணும்னா டிராப் பண்றேன்” என்றான் மச்சினன்.

“நீ முதல்ல டாக்டர் வண்டி தேடறதை நிறுத்து.”

அவர்கள் இருவரும் வாசல் பக்கம் நடந்தார்கள். சர்வேயரும் இரண்டடி எடுத்து வைத்திருப்பார். அப்போது ஆட்டோ ஒன்று வந்து நின்று, அதிலிருந்து ஓர் இளம் தம்பதி இறங்கினார்கள். அந்தப் பெண்ணின் தோளில் ஆறேழு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கணவன் கையில் குழந்தைகளைக் காரில் உட்கார வைக்கும் நாற்காலி ஒன்று, உறைகூடப் பிரிக்காமல்.

“வெள்ளை வண்டி ஒண்ணு இருக்குன்னு போன்ல சொன்னீங்களே” என்றான் அவன். “பின் சீட்டுல இது பொருந்துதான்னு பார்க்கணும்.”

“பார்க்கலாம் சார், தாராளமாப் பார்க்கலாம்” என்ற வியாபாரி, பிளாஸ்டிக் உறையை மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு சர்வேயர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கு வேண்டாம்னா விட்டுடுங்க சார். என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடாதீங்க. உங்க பேரும்தான் சேர்ந்து நாறும்.”

அதில் பொய் எதுவும் இல்லை. சர்வேயர் வாசலைப் பார்த்தார். மனைவி சாலையோரம் நின்று, பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

அவர் திரும்பிப் போய் டிக்கியைத் திறந்தார். விரிப்பை முழுவதும் சுருட்டித் தரையில் போட்டார். பின்கதவைத் திறந்து நாற்காலியை வைக்கப் போன இளைஞனைக் கையசைத்து நிறுத்தினார்.

“தம்பி, அதை வைக்கறதுக்கு முன்னாடி இங்க வந்து இந்த மஞ்சள் கோட்டைப் பாருங்க.”

அவன் சந்தேகத்தோடு வந்து எட்டிப் பார்த்தான். “ஒண்ணும் புரியல சார். நீங்க யாரு? மெக்கானிக்கா?”

“இல்ல” என்றார் அவர். “இந்த வண்டி நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்தவன்.”